விளாத்திகுளம் போகாத புஷ்பத்துக்கு

என் தங்கமே புஷ்பம்,

நீ எங்களை விட்டுப் போய் நாற்பது நாள் ஆச்சு. "விளாத்திகுளத்துச் சித்தி வீட்டுல இருந்தப்ப அவளுக்கு அப்படி என்னதான் வந்துச்சு?" என்று தெருவில் இன்னும் கேட்கிறார்கள். நீ அங்கே போகவே இல்லை, நம் வீட்டுப் பின்கட்டு அறையில்தான் இருந்தாய் என்று எப்படிச் சொல்வேன்?

உனக்குக் கல்யாணத் தேதி குறிக்க இருந்த நேரத்தில்தான் முதுகில் அந்த வெளிறின தேமல் வந்தது. துறைமுகத்துப் பக்கம் இருந்த டாக்டரிடம் கூட்டிப் போகையில் நான்தானே சொல்லிக் கொடுத்தேன், "ஏளா, என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லு. வலிக்குன்னு சொன்னா பெரிய சீக்குன்னு எழுதிருவாங்க." அவர் உன்னைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலில் ஊசியால் குத்தி, "தெரியுதாம்மா?" என்றார். "ஒண்ணும் தெரியல" என்றாய். உணர்ச்சி இல்லாத தேமல் என்றால் தொழுநோய். அப்படியே எழுதிவிட்டார்.

நம் கடைக்கு ஆள் வராது என்று அப்பா பயந்தார். உனக்குத் தனித் தட்டு, தனிப் பாய், வெளியே தாழ்ப்பாள். ஊருக்குச் சொன்னது விளாத்திகுளம். இருமல் வந்தால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துத்தான் இருமினாய். "அரிக்குக்கா, தாங்க முடியல" என்று கதவுக்குப் பின்னால் இருந்து சொல்வாய். உணர்ச்சி இல்லாத இடம் எப்படி அரிக்கும்? எனக்கு ஏன் புத்தி வரவில்லை?

எட்டு மாசம் மாத்திரை தின்றும் கட்டி கட்டியாகக் கிளம்பினதால் மதுரைக்குப் போனோம். மூன்று தடவை சதை வெட்டிப் பார்த்தார்கள். முதல் இரண்டிலும் பிடிபடவில்லை. மூன்றாவதில்தான் பெரிய டாக்டர் நம்மை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: "தொழுநோய் இல்ல. லிம்போமா. தோல்ல வர்ற புற்றுநோய். இந்த வயசுல அபூர்வம். அதுல எந்த வகைன்னு பிரிச்சுச் சொல்ல இந்தச் சதையை மெட்ராசுக்கு அனுப்பணும். யாருக்கும் தொத்தாது."

புற்றுநோய் என்கிறார், நீ சிரிக்கிறாயே, பாவி மகளே! "அப்ப நான் வாசல்ல உக்காரலாமா டாக்டர்?" என்றாய்.

அவர் பழைய சீட்டைப் புரட்டி, "ஊசி குத்தினது அப்பத் தெரியலையா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரிஞ்சுது. அக்காதான் சொல்லாதன்னா."

கோபமே இல்லை உன் குரலில்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ஊர்ல ஒண்ணு சொல்லியாச்சு, ரெண்டு நாள் பொறு தாயி" என்றார். மூன்று வாரம் அதே அறையில் பொறுத்தாய். பிறகு வாடகைக் காரில் மறுபடி மதுரை. அவ்வளவுதான். வகை பிரித்த காகிதம் நீ போன மறுநாள் வந்து சேர்ந்தது.

அம்மா தினமும் அந்த முதல் டாக்டரைக் குருட்டுப் பயல் என்று கரித்துக் கொட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். வாயைத் திறந்தால் அம்மாவும் எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ? திறக்காவிட்டால் மூச்சு முட்டுகிறது, புஷ்பம்.

சொல்லிவிடுகிறேன். அம்மா இப்போது அடுப்படியில்தான் இருக்கிறாள். பெயரைப் போட்டுவிட்டு எழுந்து போகிறேன், இது சத்தியம்.

உன் கூடப் பிறந்து, உன் வாயை அடைத்த
அக்கா செல்லக்கனி