எங்கிருந்து, எங்கே

மார்ச் 4
இவருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. குப்புறவேதான் படுக்க வேண்டுமாம், திரையைப் பார்க்கவே கூடாதாம். அபூர்வ ரத்தவகைக்காரர்களுக்காக இவர் நடத்தும் இணையதளத்தைப் பிரதி எடுத்து வைக்கும் வேலை இப்போது என் தலையில். நீச்சல் சொல்லித்தருகிறவளுக்கு இது தேவையா?

மார்ச் 5
வெறும் கறுப்புத் திரை. பொத்தான் கிடையாது, கட்டளையைத்தான் தட்ட வேண்டும். இவர் தரையைப் பார்த்தபடி சொல்ல, நான் தட்டினேன். எங்கிருந்து, எங்கே — தளம், வீட்டுக் கணினி என்று இரண்டு பெயர். எது முன்னால்? கேட்பதற்குள் மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டார். நானே ஒன்றை முன்னால் போட்டேன். முடிந்தது என்று வந்தது. முடிந்ததுபோல.

மார்ச் 6
காலையில் ஒரு நர்ஸ் அழைத்தார். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தம் தேவை. நம் தளத்தில் இருந்த ஒரு கொடையாளரின் எண்ணுக்குப் போட்டால் அவர் மனைவி எடுத்து, அவர் இறந்து பல மாதமாயிற்று என்றாராம். "பாவம், அந்தம்மா அழுதுட்டாங்க. பேரை எடுக்க மாட்டீங்களா?"

இவரிடம் சொன்னேன். "நானேதானே எடுத்தேன்..." என்றார். பிறகு மெதுவாக, எந்தப் பெயரை முதலில் போட்டாய் என்று கேட்டார்.

வீட்டுக் கணினியில் கிடந்த போன வருஷத்துப் பிரதியைத் தளத்தின் மேலேயே ஏற்றியிருக்கிறேன். அதற்கப்புறம் சேர்ந்தவங்க யாருமே இல்லை. போனவர் மட்டும் திரும்பி வந்திருக்கார். அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா — நானா? நான்தானா?

மதியம்
'தாடி' என்று இவர் கூப்பிடும், கணினி தெரிந்த சிநேகிதரை போனில் பிடித்தோம். எதையும் அழித்து எழுதும் முன் அந்த மென்பொருளே தானாக ஒரு பிரதி எடுத்து வைக்குமாம். அதைத் தளத்தில் திரும்ப ஏற்றும் கட்டளையைச் சொன்னார். "பதறாதம்மா. தட்டுறதுக்கு முன்னாடி வாய்விட்டுப் படி." படித்தேன். தட்டினேன். உறுதியா என்று கேட்டது திரை. எனக்கு எதுதான் உறுதி? ஆம் என்றேன்.

எல்லாரும் திரும்பிவிட்டார்கள். இறந்தவர் பெயர் இல்லை. நர்ஸை அழைத்தால், ரத்தம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டார். யார் கொடுத்தது?

மார்ச் 7
இறந்தவரின் மனைவியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அழுது முடித்தபின் அவரே நர்ஸைத் திரும்ப அழைத்தாராம். "அவர் தம்பிக்கும் அதே வகைதாங்க. உடனே அனுப்பிட்டேன்." பெண் குழந்தை. தாயும் நலம்.

என் தப்பால் நடந்ததா, தப்பையும் மீறி நடந்ததா? சந்தோஷப்படலாமா? ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 11
அந்தத் தம்பியின் பெயரைத் தளத்தில் சேர்க்க உட்கார்ந்தேன். முதலில் பிரதி. சொல்லித்தர இவர் தலையைத் தூக்கப் பார்த்தார். "படுங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

படுத்துக்கொண்டார்.