முதற் கிழங்கு பக்கத்து வீட்டுக்கு

ஏப்ரல் 27, 2024, சனி

இன்று டி-பானா மெட்ரோ ரயிலில் சாதாளை ஏற்றி வந்தோம், நானும் பக்கத்து வீட்டு டோனலும். ஃபியோர்டுக் கரையில் ஒதுங்கிக் கிடந்த கடற்பாசி, இரண்டு சாக்கு. நாங்கள் இறங்கும் அம்மருட் வருவதற்குள் பெட்டியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. தனிப் பெட்டி கிடைத்துவிட்டது என்று டோனலுக்குப் பெருமை.

எங்கள் மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் இருவரும் சேர்ந்து செய்கிற பாத்திக்கு இது எரு. டப்ளினுக்கு வடக்கே கடலோரத்தில் அவர் பிறந்த தெரு முழுவதும் தோட்டக்காரர்கள். அங்கே எல்லோரும் இதைத்தான் போட்டார்களாம். ஊரில், தீவுப் பக்கத்தில், எங்கள் அப்புவும் புகையிலைக்கு இதைத்தான் போட்டார் என்றேன். மனிதர் நம்பவில்லை. அயர்லாந்துக்காரர்தான் கண்டுபிடித்தது என்பது போல ஒரு பார்வை.

அனஸ்ரேசியா கதவைத் திறந்த கையோடு மூக்கைப் பொத்தினாள். "குளிச்சிட்டு வாங்கோ. பிறகு உள்ளை வரலாம்."

கலியாணம் கட்டி முப்பது வருடம். எங்கே போய்க் குளித்துவிட்டு வருவது என்று நானும் கேட்கவில்லை.

மே 11, சனி

கிழங்கு நட்டோம். முளைக்கண் மேலே பார்க்க வேண்டும் என்று டோனல் நூறு தரம் சொல்லியிருப்பார்.

ஜூன் 9, ஞாயிறு

மழை. எனக்கு இன்று பஸ் ஓட்டும் வேலையும் இல்லை. டோனல் வீட்டில் தேநீர். மனைவி கண்ணை மூடிய பிறகு அவருக்குக் கதைக்க ஆள் வேண்டும். எனக்குக் கேட்கப் பிடிக்கும், ஆனால் காட்டிக்கொள்வதில்லை.

இன்று தெருக் கதை. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் கண்ணாடிக் கூடம், உள்ளே தக்காளி. வெளியே மணலில் கிழங்கும் வெங்காயமும். ஒரு தை மாதப் புயலில் அவர்களுடைய கண்ணாடி முழுவதும் நொறுங்கிப் போனதாம். காலையில் கூப்பிடாமலே அயலட்டை எல்லாம் தங்கள் வீட்டுக் கண்ணாடியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து நின்றதாம். அப்பா அழுததை அன்றுதான் பார்த்தாராம்.

அங்கே ஒரு வழக்கம். வருடத்தில் முதல் கிண்டுகிற கிழங்கை எவரும் தங்கள் வீட்டில் சமைக்க மாட்டார்கள். அது பக்கத்து வீட்டுக்கு. இரண்டாவது கிண்டுவதுதான் தங்கள் சொந்த மேசைக்கு, வீட்டு ஆட்களுக்கு. கொடுத்த பை வெறுமையாகத் திரும்பக் கூடாது. பக்கத்து வீட்டுக் கலன் என்ற அம்மாவோடு டோனலின் தாய் இரண்டு வருடம் முகம் பார்க்கவில்லையாம். அப்போதும் கிழங்கு போனது, வந்தது. நல்ல சண்டை.

பிறகு வெளிநாட்டுத் தக்காளி மலிவாக வந்தது, கூடத்தைச் சூடாக்கும் எண்ணெய் விலை ஏறியது, ஒவ்வொருவராக விற்றார்கள். இப்போது அங்கே புது வீடுகள் மட்டும். அவருக்குச் சகோதரங்களும் இல்லை.

"அந்தத் தெருவிலை எனக்குக் கிழங்கு குடுக்க ஒரு கதவும் இல்லை" என்றார். "இஞ்சை உம்மடை கதவு இருக்கு." நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

கதவுக் கைபிடியில் பை தொங்குகிறது. நீலக் கோடு போட்ட துணி, டோனலின் மனைவியின் பழைய ஏப்ரனில் தைத்தது. அவர் கிண்டிய முதற் கிழங்கு.

வழமை போல எடுத்து வைத்தாயிற்று. முதல் விளைச்சல் மாதாவுக்கு. இங்கேயும் நாங்கள் கொண்டாடும் மடு மாதா திருநாளில் பூசை முடிய ஏலம் போடுவோம். மூன்றாவது வருடமாக இப்படித்தான். போன வருடம், "அவிக்க மா மாதிரி உடைஞ்சுதோ?" என்று டோனல் கேட்டார். ஓம் என்றேன். ஏலத்தில் எடுத்தவர் அப்படித்தான் சொன்னார். முழுப் பொய் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஐயோ.

அனஸ்ரேசியா டோனலையும் திருநாளுக்கு அழைத்திருக்கிறாள். அவரும் கத்தோலிக்கர்தானே, அவளில் என்ன பிழை? பையை மாற்றியிருக்கலாமே, மடையா!

வின்சென்ற் ஏலம் கூறுகிறவர். முருங்கைக்காய், வாழைக்குலை, பிறகு அந்த நீலக் கோட்டுப் பை. டோனல் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார். சனம் பகிடி என்று நினைத்துக்கொண்டு போட்டிக்குக் கேட்டது. அவர் தூக்கின கையை இறக்கவே இல்லை. கடைசியில் எல்லோரும் கைதட்ட, தன் கிழங்கைத் தானே வாங்கிக்கொண்டு, எங்களோடு வராமல் தனியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் அதே கைபிடியில் அதே பை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

போனேன். தேநீர் வேண்டுமோ என்றுகூடக் கேட்கவில்லை, மனிதர் அவ்வளவு கோபம். முதலாவது கடவுளுக்குத்தான் என்று எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

யோசித்துவிட்டுச் சொன்னார்: "கடவுளுக்குக் குடுக்க ஊரே இருக்கு. கலன் அம்மாவுக்கு எங்கடை வீடு மட்டும்தான் இருந்தது."

அனஸ்ரேசியா அந்தக் கிழங்கைத் தோலோடு அவித்தாள். வெண்ணெய், உப்பு, பக்கத்தில் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். டோனலையும் இழுத்து வந்து இருத்தினோம். மா மாதிரியேதான் உடைந்தது. இவ்வளவு நாளும் ஏலத்தில் எடுத்துத் தின்றவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

மாதாவுக்கு இனிப் பூசணிக்காய். அனஸ்ரேசியா தீர்மானித்துவிட்டாள்.

பெப்ரவரி 6, 2025

டோனல் பனியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு.

மார்ச் 30, ஞாயிறு

டோனலின் மகன் லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறான். அவனுக்குக் கிட்ட, முதியோர் குடியிருப்பில் ஓர் அறை எடுத்தாயிற்று. வீடு விற்றாயிற்று. நீலப் பையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோச் சத்தம் இல்லை. எத்தனை நாள் அதைத் திட்டியிருக்கிறேன். இன்று அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 26, சனி

தனியே ஒரு சாக்குச் சாதாளை. பெட்டி காலியாகத்தான் இருந்தது. பெருமைப்பட ஆளில்லை.

டோனல் இருந்த வீட்டில் இப்போது சென்னைப் பிள்ளைகள் இரண்டு பேர், புருஷனும் பெண்சாதியும். லிஃப்டில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆகஸ்ட் 9, சனி

முதற் கிழங்கை நீலப் பையில் போட்டு லில்லெஸ்ட்ரோமுக்குக் கொண்டு போனேன். டோனல் மெலிந்துவிட்டார், வாய் மட்டும் மெலியவில்லை. பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாச்சோ?"

நீங்கள்தானே என் பக்கத்து வீடு என்றேன்.

"இல்லை. என்ரை பக்கத்து வீடு இப்ப அங்கை" என்று சுவரைக் காட்டினார். அந்த அறையில் ஒரு நோர்வேஜிய அம்மா. "உம்மடை பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம்?"

பெயர் எனக்குத் தெரியாது. பையை என் மடியில் வைத்துவிட்டார். ஒரு கிழங்குகூட எடுக்கவில்லை.

ரயில் முழுக்க வாய்க்குள் திட்டிக்கொண்டு வந்தேன். கிழட்டுப் பிடிவாதம். ஆனால் உண்மையாகவே வலித்தது. ஒரு சுவர் மாறினால் நான் ஆரோவாகிவிடுவேனா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோபத்தோடேயே அடுத்த வீட்டுக் கைபிடியில் பையைக் கொழுவினேன். பத்து நிமிடத்தில் மணி அடித்தது. அந்தப் பிள்ளை.

"அங்கிள், யாரோ தப்பா எங்க கதவுல மாட்டிட்டாங்க போல. இது உங்களுதா?"

உங்களுக்குத்தான் என்றேன். ஏன் என்று கேட்டாள். வாசலில் நின்றபடியே அயர்லாந்துத் தெரு முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணாடி உடைந்த கதை அவளுக்குப் பிடித்துவிட்டது. பெயர் அபர்ணா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பை திரும்பி வந்தது. உள்ளே ஒரு டப்பா புளியோதரை. பை வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதை மட்டும் அவளுக்கு நான் சொல்லவில்லை. உப்புக் கொஞ்சம் கூட. அனஸ்ரேசியா வழித்துச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டோனல் வரச் சொன்னார். நீலப் பையில் முறுக்குப் போட்டுக் கொண்டு போனேன். முதலில் கேட்டது பக்கத்து வீட்டாரின் பெயரைத்தான். அபர்ணா என்றேன். தலையாட்டினார்.

பால்கனியில் இரண்டு வாளி. எனக்குச் சொல்லாமலே கிழங்கு நட்டிருக்கிறார், மகன் மண் கொண்டு வந்தானாம். முதல் வாளி போன கிழமை பக்கத்து அறை அம்மாவுக்குப் போய், தட்டு வாஃபிளோடு திரும்பியிருக்கிறது. இன்று இரண்டாவதைக் கவிழ்த்தார். குனிய முடியாததால் நான் பொறுக்கினேன். முறுக்கை எடுத்துக்கொண்டு கிழங்கைப் பைக்குள் போட்டு என் கையில் தந்தார்.

"ரெண்டாவது கிண்டினது" என்றார். பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.

வீட்டில் அனஸ்ரேசியா பையைக் கண்டுவிட்டு, "இனி இதை ஆரின்ரை கதவிலை கொழுவப் போறீங்கள்?" என்று கேட்டாள்.

"ஒருத்தற்றை கதவிலையும் இல்லை. அடுப்பிலை வையும்" என்றேன்.