நாலுக்கு மூன்றில் அம்மா

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில். பஸ் பாகூர் வரைக்கும் கரும்பு டிராக்டர் பின்னாலேயே ஊர்ந்தது. முதல் பீரியட் போச்சு.

மாலை வந்து பார்த்தால் கூடத்தில் புது டிவி. நாற்பத்து மூன்று இஞ்ச். அம்மா குவைத்திலிருந்து அனுப்பியதில் அப்பா வாங்கியது. அத்தை அதற்குள் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். இது என் தம்பி வாங்கியது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

செய்ய வேண்டியவை:
அறி. 2 பாடம்
நூலகப் புத்தகம் திருப்ப
ரெக்கார்டு நோட்டு அட்டை

அம்மா தான் வேலை பார்க்கும் வீட்டில் லீவு கேட்டிருக்கிறாள். மே மாதம் விடுவார்களா இல்லையா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். பார்த்து இரண்டு வருடம். இன்னும் மூன்று நாள்.

மார்ச் 4, புதன்

வெயில். தமிழ் டெஸ்ட் 23/25.

அப்பா கடையில் கேட்டு ஒயர் வாங்கி வந்தார். பழைய டிவிடி பிளேயருக்கு மூன்று ஒயர், புது டிவிக்கு ஒரே ஓட்டை. மஞ்சளை மாற்றிச் செருகி முதலில் படமே வரவில்லை. பிறகு வந்தது.

என் காதுகுத்து டிஸ்க். எனக்கு ஐந்து வயது. அம்மா முழுதாக நடமாடுவது இதில் மட்டும்தான். போனில் முகம் மட்டுமே வரும். அதுவும் நெட் இருந்தால்.

ஆனால் எல்லோரும் குண்டு. மடியில் என்னை வைத்திருக்கும் மாமா அரிசி மூட்டை மாதிரி.

அத்தை: "அடியே, இன்னாடி எல்லாரையும் சப்பாத்தி மாதிரி தேய்ச்சி வெச்சிக்குது! நான் அப்ப இவ்ளோ தடியா இல்லடி."

அம்மாவும் அப்படித்தான். வேறு யாரோ அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். படம் நாலுக்கு மூன்று, டிவி பதினாறுக்கு ஒன்பது. மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிட்டது. கணக்கு தெரிந்ததால் முகம் சரியாகிவிடவில்லை.

குரலும் இல்லை. வீடியோக்காரர் முழுக்க சினிமாப் பாட்டு போட்டுவிட்டார். அம்மா வாயசைக்கிறாள், பாட்டு ஓடுகிறது. என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். ஆறு முறை ஓட்டினேன். "அழாத" என்றுதான் இருக்கும். நான்தான் அழுதுகொண்டிருந்தேனே.

மார்ச் 5, வியாழன்

பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லைப்ரரி. அங்கேயும் பூட்டு.

வந்தால் அத்தை ரிமோட்டில் எதையோ அமுக்கி வைத்திருக்கிறார். "இப்ப பாருடி. யாரும் தடியா இல்ல." உண்மைதான். ஆனால் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. மாமா பின்னால் நிற்கும் அம்மாவுக்குத் தலை இல்லை. நீலப் புடவையும், ஆரத்தித் தட்டும், வளையல் போட்ட கையும்தான்.

மெனுவில் தேடினேன். படம் > அளவு > 4:3. அமுக்கியதும் அம்மா வந்துவிட்டாள். ஒல்லி. கழுத்தெலும்பு தெரிகிறது. இதுதான். இவள்தான்.

இரண்டு பக்கமும் கறுப்பு.

"இன்னாடி, ரெண்டு ஓரமும் செத்துப்போச்சா?"

"இல்ல அத்தை. படமே அவ்ளோதான்."

"அப்ப பழைய டிவியே போதுமே. இருட்டப் பாக்கறதுக்கா இவ்ளோ பெருசு?"

அப்பா ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, "வுடுக்கா. அவ அம்மாவ அவ பாக்கட்டும்." அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாவம்.

நாளை வெள்ளி.

மார்ச் 6, வெள்ளி

மேகம். மழை இல்லை.

அம்மா ஐந்தரைக்குப் பேசினாள். முதலில் சாப்பிட்டியா, பரீட்சை எப்ப, தலையில எண்ணெய் வெச்சியா. அப்போதே தெரிந்துவிட்டது.

"இந்த வூட்டம்மாவுக்கு மே மாசம் கொழந்த பொறக்கப் போவுதுடி. இப்ப வுடமாட்டாங்களாம். டிசம்பர்ல பாக்கலாம்னு சொல்றாங்க."

"சரிம்மா."

"அழுவுறியா?"

"இல்லம்மா. நெட்டு நிக்குது."

அப்பா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அத்தை எனக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்தார். சாப்பிட முடியவில்லை. சாப்பிட்டேன்.

மார்ச் 7, சனி

பள்ளி லீவு. அத்தை அறுப்புக்குப் போய்விட்டார், அப்பா தூக்கம். டிவியைச் சத்தமில்லாமல் வைத்தேன். பாட்டு இல்லாவிட்டால் அம்மா கொஞ்சம் பக்கத்தில் இருப்பது போல.

முப்பத்தெட்டாவது நிமிடம். எல்லோரும் பந்தியில். அம்மா மட்டும் வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள், கேமரா வந்தது தெரியாமல். அவள் தலைக்கு மேலே ஒரு ஆணி. கரண்ட் பில் அட்டை மாட்டுகிற ஆணி. உச்சி வகிட்டுக்கும் ஆணிக்கும் நடுவே ஒரு விரல் இடம். இழுத்த படத்திலும் இது இருந்திருக்கும். அப்போது நான் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

போய் நின்றேன். அதே மாதிரி, வெறுங்காலோடு, முதுகு நிலையில் ஒட்ட. ஆணி பின்மண்டையில் குத்தியது. ஸ்கேலைத் தலைமேல் படுக்க வைத்துப் பார்த்தேன். அம்மா தலைக்கு மேலே இருந்த ஆணி என் ஸ்கேலுக்குக் கீழே. இரண்டு விரல் கீழே.

மறுபடியும் அளந்தேன். கொண்டையை அவிழ்த்துவிட்டு அளந்தேன். அதேதான்.

போன முறை ஏர்போர்ட்டில் அம்மா தோளில் முகம் வைத்து நின்றேன். குனிய வேண்டியிருக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடியும் போய் நின்றிருக்கிறேன். வயலிலிருந்து வந்த அத்தை கத்தினார்: "வூட்டுக்கு வெளிச்சம் வர்ற நேரத்துல நெலையில நிக்காதடி! உள்ள போ, இல்ல வெளிய வா."

மார்ச் 8, ஞாயிறு

அறிவியல் ஒரு பாடம் முடிந்தது. துணி துவைத்தேன். காற்றே இல்லை.

அம்மா போன். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். சந்தோஷமாக இருப்பது போலப் பேசினாள்.

"இங்க பக்கத்து வூட்டுல வேலை பாக்கற கடலூர்க்காரக்கா ஊருக்கு வர்றாங்கடி. அவங்ககிட்ட ஒனக்கு ரெண்டு சுடிதார் குடுத்தனுப்பறேன். இப்ப எவ்ளோ ஒசரம் இருக்கற? என் தோளுக்கு வருவியா?"

நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டேன். போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டேன்.

"தோளுதாம்மா."

"அவ்ளோதானா? நான் வர்ற வரைக்கும் அதுக்கு மேல வளந்துடாத."

சிரித்தாள்.

சரிம்மா என்றேன்.