சவரிமுத்து யாருடைய பிள்ளை

சேசு மரி சூசை

காஜா பெராங், மலாக்கா
10 மார்ச் 1957

அன்பு மகள் ஜெயாவுக்கு, உன் சித்தப்பா தம்பிராஜா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் சித்தி பிலோமியும் சுகம். சித்திக்கு மட்டும் முழங்கால் வலி. அதற்கும் நான்தான் காரணமாம்.

உன் கடிதத்தை பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே படித்தேன். டைம் கீப்பர் நானே கடிதம் படித்தால் பஸ் எப்படிப் புறப்படும்? தம்பின் ஊருக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் ஹார்ன் மேல் ஹார்ன் அடித்தான். "சும்மா இருடா, என் மகளுக்குக் கல்யாணம்" என்றேன். பஸ்ஸே கை தட்டியது. சித்தி இதை நம்பவில்லை. நீயாவது நம்பு.

தியாகு உன்னோடு ஆசிரியர் பயிற்சியில் படிக்கிறான், வேதக்காரன், சிகரெட் கிடையாது என்கிறாய். போதும். அவன் அப்பா சிரம்பான் நல்லையா, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், யாழ்ப்பாணத்து மனிதர், "பெண்ணின் முன்னோர் யாரென்று தெரியாமல் சம்மதம் இல்லை" என்கிறாராம். கேட்கட்டுமே! உன் அப்பா, என் அண்ணன், ஜப்பான்காரன் காலத்தில் போய்ச் சேர்ந்ததால் கேட்பாரில்லாத பெண் என்று நினைத்தாரோ? நம்மைப்போல் முன்னோர் யாருக்கு உண்டு?

என் தாத்தா சவரிமுத்து, உனக்குப் பூட்டன், டச்சுக்காரன் கோட்டையில் கேப்டன். இடுப்பில் வாள். ஒரே வெட்டில் புலியைக் கொன்று பேப்பரில் பெயர் வந்தது. எல்லாவற்றுக்கும் அத்தாட்சி எடுக்கிறேன். ஆற்றங்கரைக் கோயிலில் நூறு வருஷத்து ஞானஸ்நானப் புத்தகங்கள் இருக்கின்றன. சாமியார் எனக்கு மிகவும் வேண்டியவர். போன மாதம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உன் சித்தப்பா,
ச. தம்பிராஜா


சிங்கப்பூர்
24 மார்ச் 1957

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தைப் படித்து நானும் அறைத்தோழியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சித்தியின் முழங்காலுக்குக் கோடாலித் தைலம் அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கே கொடுங்கள். போன தடவை நீங்கள் தேய்த்துக்கொண்டீர்களாம்.

சித்தப்பா, டச்சுக்காரர்கள் மலாக்காவை விட்டுப் போய் வெகுகாலம் கழித்துத்தானே பூட்டன் பிறந்திருக்க வேண்டும்? எந்தக் கோட்டையில் கேப்டன்? நீங்கள் கோபித்தாலும் சரி, ஒன்று சொல்லிவிடுகிறேன். தியாகுவின் அப்பாவிடம் சொல்வது சின்னதாக இருந்தாலும் உண்மையாக இருக்க வேண்டும். பொய்யின்மேல் கல்யாணம் செய்துகொண்டு, அந்த வீட்டில் ஆயுள் முழுக்க அதற்குக் காவல் இருக்க என்னால் முடியாது.

இங்கே நூல்நிலையத்தில் பழைய இங்கிலீஷ் பேப்பர்களைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்கள். அந்தப் புலியை நான் தேடுகிறேன். பூட்டன் பிறந்த வருஷத்தை நீங்கள் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஜெயா


சேசு மரி சூசை

காஜா பெராங்
28 ஏப்ரல் 1957

அன்பு மகள் ஜெயாவுக்கு,

கேப்டனை விடு. அதைவிடப் பெரிய ஆள் அகப்பட்டுவிட்டாள்!

பாஸ்குத் திருநாள் முடிந்த கையோடு கோயிலுக்குப் போனேன். சாமியார், சாகக்கிடந்த யாருக்கோ அவஸ்தை பூசக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கை கழுவிவிட்டுத் தொடு, தம்பிராஜா" என்று புத்தகங்களைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அட்டையைத் திறந்தால் பூச்சி. எழுத்தெல்லாம் லத்தீன். உன் சித்தப்பா பயப்படுகிறவனா? லத்தீன் தெரியாவிட்டால் என்ன, பெயர் பெயர்தானே!

1859ல் தாத்தா சவரிமுத்து பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே பொன்னம்மா. தாத்தாவின் அம்மா பெயர் பொன்னம்மா என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதில் அதிசயம் என்னவென்றால், அந்தப் பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நேராக அதே பொன்னம்மா! அடுத்த பக்கமும் அவளே. அதற்கு என்ன அர்த்தம்? அவள்தான் அவர்களுக்கெல்லாம் ஞானத்தாய்.

ஞானத்தாய் என்றால் சும்மாவா? பிள்ளைக்குச் சட்டை, தொப்பி, மெழுகுதிரி, கழுத்துக்குச் சங்கிலி எல்லாம் அவள் செலவு. நம் ஆட்கள் வசதி உள்ளவளைத்தானே தேடிப் போவோம்? ஊர் முழுக்க வந்து கெஞ்சியிருக்கிறது. இவளும் மறுக்காமல் பவுன் சங்கிலி போட்டிருக்கிறாள். சீமாட்டி, ஜெயா, சீமாட்டி!

நல்லையா ஐயாவுக்கு உடனே நாலு பக்கம் எழுதிப் போட்டேன். சாரட்டு வண்டி ஒன்றும் சேர்த்தேன். சீமாட்டி நடந்தா போயிருப்பாள்? அவரும் சம்மதம் என்று பதில் எழுதிவிட்டார். சித்தி மட்டும், "அவ்வளவு பவுன் இருந்துச்சுன்னா நம்ம வீட்டுக் கூரை ஏன் ஒழுகுது?" என்கிறாள். பொறாமை.

உன் சித்தப்பா,
ச. தம்பிராஜா


சிங்கப்பூர்
2 ஜூன் 1957

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

புலி கிடைக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன வருஷத்துப் பேப்பரில் மலாக்காச் செய்தி ஒன்று கிடைத்தது. தமிழில் எழுதுகிறேன்:

"நகரில் வைசூரி தணியவில்லை. ஊருக்கு வெளியே நோயாளிகளுக்குப் போட்ட கொட்டகையில் வேலைக்கு இருந்தவர்கள் இரவோடு இரவாக ஓடிவிட்டார்கள். மலம் அள்ள வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி மட்டும் போக மறுத்துத் தங்கிவிட்டாள். தாயை இழந்த குழந்தைகளுக்கு அவளே பாலூட்டுகிறாள். இறந்தவற்றை அவளே புதைக்கிறாள். கூலி உயர்த்தித் தருவதாகச் சொன்னதற்கு, ஓடிப்போனவர்களின் சோற்றையும் குழந்தைகளுக்கு அனுப்பினால் போதும் என்றாள்."

பெயர் போடவில்லை. தோட்டிச்சிக்குப் பெயர் எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

சித்தப்பா, அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே வருஷத்தில் ஒரே ஞானத்தாயா? எனக்கு மனம் என்னவோ சொல்கிறது. அந்தப் பக்கத்தைச் சாமியாரையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்வதை ஒன்றும் கூட்டாமல் எழுதுங்கள். கையெடுத்துக் கேட்கிறேன்.

ஜெயா


சேசு மரி சூசை

காஜா பெராங்
23 ஜூன் 1957

அன்பு மகள் ஜெயாவுக்கு,

சாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அவள் ஞானத்தாய் இல்லை. ஞானஸ்நானம் கொடுத்தவளே அவள்தான். சாகக்கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வர நேரமில்லாவிட்டால் யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் அல்லவா? அதுதான். 'ஆபத்தில் தண்ணீர் ஊற்றியவள் பொன்னம்மா, வைசூரிக் கொட்டகைத் தோட்டி.' ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக அதையே எழுதியிருக்கிறது. அப்புறம் ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். சிலுவை போட்டிருந்தால் பிள்ளை செத்துப்போயிற்று என்று அர்த்தமாம். சாமியார் விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனார். சிலுவை, சிலுவை, சிலுவை. ஒரு பெயருக்குத்தான் இல்லை. சவரிமுத்து.

தாய் பெயர் இல்லை. தகப்பன் பெயர் இல்லை. எந்தக் கப்பலில் வந்தவர்கள், என்ன சாதி, ஒன்றும் இல்லை.

பிழைத்த பிள்ளையைப் பிறகு கோயிலுக்குக் கொண்டுவந்து எண்ணெய் பூச வேண்டும். மழை நாளில் கொண்டுவந்திருக்கிறாள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சாமியார் அடியில் எழுதி வைத்திருக்கிறார்: 'இது யாருடைய பிள்ளை என்று கேட்டேன். என் பிள்ளை என்றாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள்.'

ஜெயா, நான் எத்தனையோ பேரைப்பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். இவளுக்கு எதைச் சேர்த்தாலும் குறைந்துபோகிறது. சாரட்டு வண்டி ஏற்றினேனே, எவ்வளவு சின்னது அது!

ஆனாலும் ஒரு யோசனை. நல்லையா ஐயா சீமாட்டியைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். லத்தீன் புத்தகத்தை அவர் வந்து பார்க்கப் போகிறாரா? பொன்னம்மாவை நாம் மனசுக்குள் வைத்துக் கும்பிடலாம். உன் கல்யாணம் நடக்கட்டும். சித்தியிடம் சொன்னேன். சோறு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

தம்பிராஜா


சிங்கப்பூர்
7 ஜூலை 1957

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தியாகுவிடம் கொடுத்துவிட்டேன். பயிற்சிக் கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்து படித்தார். பிறகு, "இப்படி ஒருத்தி எங்கள் வம்சத்தில் இருந்தால் அப்பா வீட்டு வாசலில் பலகை அடித்திருப்பார்" என்றார். அப்பாவிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார்.

நான்தான் வேண்டாமென்றேன். சீமாட்டி என்று எழுதியது நம் வீடு. மாற்றிச் சொல்ல வேண்டியதும் நம் வீடுதான். அந்தக் கொட்டகையில் எல்லோரும் ஓடினபோது ஓடாதவளை, ஒரு கல்யாணத்துக்காக நாம் ஒளித்து வைப்பதா? இரண்டு தடவை கேட்டும் 'என் பிள்ளை' என்று சொன்னவள் அவள். அவளை 'எங்கள் பாட்டி' என்று ஒரு தடவை சொல்ல நமக்கு வாய் வராதா?

சம்மதம் போனால் போகட்டும் என்று சொல்ல ஆசை. பொய். போனால் அழுவேன். ஆனாலும் சொல்லுங்கள், சித்தப்பா.

ஜெயா


சேசு மரி சூசை

காஜா பெராங்
4 ஆகஸ்டு 1957

அன்பு மகள் ஜெயாவுக்கு,

நேற்றுச் சிரம்பான் போய் வந்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. கூட்டினால் சித்தி கண்டுபிடிப்பாள், அவளும் கூட வந்தாள்.

நல்லையா ஐயா சாரம் கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். "வாரும் காணும், வாரும்! உம்மடை கடிதத்தை நான் எங்கடை சங்கத்திலை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான்" என்று எழுந்து வந்து கையைப் பிடித்தார். நான் மழையைப்பற்றிப் பேச ஆரம்பித்தேன். சித்தி முதுகில் ஒரு குத்து விட்டாள்.

சொன்னேன். கொட்டகை, தோட்டி வேலை, சிலுவைகள், எல்லாம். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப, அந்தச் சவரிமுத்து ஆற்றை பிள்ளை?"

"பொன்னம்மாவோட பிள்ளைங்க."

"அதைக் கேக்கேல்லை காணும். பெத்தது ஆர்? என்ன ஆக்கள்?"

"பொன்னம்மாவோட பிள்ளைங்க, ஐயா" என்றேன். பின்னே, எழுதி வைத்திருப்பதைத்தானே நான் சொல்ல முடியும்?

"சங்கத்திலை நான் என்னெண்டு முகம் காட்டுறது?" என்று உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "மகன்ரை விருப்பம் மகன்ரை. நான் கோயிலுக்கு வரமாட்டன்."

அந்த வீட்டு அம்மாள், தியாகுவின் தாயார், தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் குடிக்கவில்லை.

பஸ்ஸில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் அவள் கை பிடித்தது கிடையாது. "பொய்யே சொல்லியிருந்தா மூணு கார் நிறைய சம்பந்தி வந்திருப்பாங்க. இப்ப மாப்பிள்ளை மட்டும்தான் வருவான்" என்றேன். "மாப்பிள்ளை வந்தாப் போதும், சும்மா வாங்க" என்றாள்.

அழாதே, மகளே. அழுதாலும் எழுது.

சித்தப்பா


சேசு மரி சூசை

காஜா பெராங்
22 செப்டம்பர் 1957

அன்பு மகள் ஜெயாவுக்கு,

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தாயிற்று. பண்டார் ஹிலிர் பாடாங் மைதானத்தில் கட்டிய தோரணங்கள் இன்னும் தொங்குகின்றன. அந்த ராத்திரி 'மெர்டேக்கா' என்று முதலில் கத்தியது நான்தான். அதை இன்னொரு நாள் விவரமாக எழுதுகிறேன். இன்றைய சங்கதி வேறு.

இன்று கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பு, மூன்றாம் ஓலை. முதல் இரண்டு ஞாயிறும் சாமியார் வாசித்தார், யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பூசைக்கு முன்னால் ஜாலான் பெண்டஹாரா தெரு மளிகைக்கடைக்காரர் வாசலில் பிடித்துக்கொண்டார். "என்னாண்ணே, கேப்டன் குடும்பம்னு சொல்லுவீங்களே, இப்ப வேற என்னமோ பேசிக்கிறாங்க?" என்றார். "கேப்டன் இல்லீங்க. தோட்டிச்சி குடும்பம். பெயர் பொன்னம்மா" என்றேன். அப்புறம் நானே அவர் கையைப் பிடித்து நிறுத்தி முழுக் கதையும் சொன்னேன். பூசை மணி அடித்த பிறகும் அவர் உள்ளே போகவில்லை.

பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசித்தார். "சிரம்பான் நல்லையா மகன் தியாகுவும், காஜா பெராங் காலஞ்சென்ற அருளப்பன் மகள் ஜெயாவும் மெய்விவாகம் செய்ய விரும்புவதால், யாதேனும் தடை அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்."

அப்போது, மகளே, பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. சிரம்பான் அம்மாள்! நல்லையா அனுப்பித்தான் வந்திருக்கிறார், தடை சொல்லத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். சாமியாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

அந்த அம்மாள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு நடுவழியே நடந்து முன்னால் வந்தார். நம் சித்தி பெஞ்சுக்கு நேரே நின்றார்.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ, சம்பந்தி. பின்னுக்கு இருந்தால் ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

சித்தி தள்ளி உட்கார்ந்தாள்.

உன் சித்தப்பா,
ச. தம்பிராஜா