பதினொரு நிமிடச் சிவப்பு

நவம்பர் 6

மகள் மரீஸாவுக்கு இன்று இருபத்தாறு. என் மனைவி ஒதிலியா பாதாம் கேக் செய்தாள். மெழுகுவர்த்தி வாங்குவது மட்டும்தான் என் வேலை, அதையும் மறந்தேன். கரண்டு போனால் ஏற்றும் தடி மெழுகுவர்த்தியை நடுவில் நட்டேன். கேக் இரண்டாகப் பிளந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

சிரித்து முடிப்பதற்குள் தபால். ஒரு வாழ்த்து அட்டை. கேசினோ பெயர் எங்கும் இல்லை, கையால் எழுதியது. "உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. மார்ச் 14-க்கு மேல் பார்ப்போம். – ப்ரென்ட்."

மரீஸா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். கிழித்துப் போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நவம்பர் 7

அட்டையைப் பற்றியே யோசனை. மரீஸா கேசினோவின் தடைப் பட்டியலில் இருக்கிறாள். என்னை உள்ளே விடாதீர்கள் என்று போன மார்ச்சில் அவளே ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அது முடியும் தேதி அந்தப் பயலுக்கு மனப்பாடம். என் கல்யாண நாள் எனக்கே நினைவிருப்பதில்லை.

ப்ரென்ட் யார்? கேசினோவில் "விருந்தினர் கவனிப்பு". யார் அதிகம் தோற்கிறார்களோ அவர்களை அதிகம் கவனிப்பான். முந்தின கிறிஸ்துமஸுக்கு மரீஸாவைத் தன் வெள்ளைக் காரில் வீடுவரை கொண்டுவந்து விட்டான். நானே கதவைத் திறந்தேன். நானே கை கொடுத்தேன். ஒதிலியா கிறிஸ்துமஸ் பலகாரம், சர்க்கரை தூவிய ரபனாடா ரொட்டி, நாலு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வரப்போகிற மாப்பிள்ளை என்று நினைத்தோம்! அவன் போன பிறகு, "பல்வரிசை நல்லா இருக்கு" என்று வேறு சொன்னேன். பல்வரிசை. மாட்டைப் பார்க்கிறவன்கூட இன்னும் ரெண்டு விஷயம் பார்ப்பான்.

அந்தப் பல்லுக்கு ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன்.

நவம்பர் 21

கேசினோ அக்கரையில், நாங்கள் இக்கரையில். அதனால் எங்கள் ஊருக்கு வரும் கெடுதலைச் சரிக்கட்ட மாநில அரசு ஒரு நிதி வைத்திருக்கிறது. போன ஏப்ரலில் அதற்கான ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து ஒன்று கேட்டேன். தடைப் பட்டியலில் கையெழுத்துப் போடும் மேசை கேசினோ கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது, உள்ளே போகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க உள்ளே போக வேண்டியிருக்கிறது, அந்த மேசையை இக்கரைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். நாக்கு குழறியது. "மேசை" என்பதை மூன்று முறை சொன்னேன்.

நகராட்சி மேலாளர் பெக் டொனாஹ்யூ கூட்டம் முடிந்து தனியாகச் சொன்னாள்: "அடெலினோ, அழுகையை எண்ணிக் காட்ட முடியாதுப்பா. காரை எண்ணிக் காட்டலாம். எண்ணிக் காட்டுறதுக்குத்தான் கொடுப்பாங்க."

கொடுத்தார்கள். பாலத்து முனைக்குப் புது சிக்னல். நகராட்சி எலக்ட்ரீஷியன் நான்தான், இன்று நானே ஒயர் இழுத்து முடித்தேன். என் மகளின் ஒரு வருஷத்துக்கு ஈடாக மூன்று கலர் விளக்கு.

டிசம்பர் 12

சிக்னல் ஓடுகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் போலீஸுக்கென்று ஒரு குட்டிக் கதவு உண்டு. உள்ளே சுருட்டிய ஒயர், முனையில் ஒரு பட்டன். கைமுறைக்கு மாற்றிவிட்டால், பட்டனை அமுக்கினால்தான் விளக்கு மாறும். அமுக்காவிட்டால் அப்படியே நிற்கும். சாவி என் இடுப்பில்.

காலை 8.45-க்கு ஒரு வெள்ளைக் கார் பாலத்துப் பாதையில் வந்து நிற்கிறது. பல்லைப் பார்த்தேன். அவனேதான்.

டிசம்பர் 13

நாலு நிமிடம். சிவப்பு.

டிசம்பர் 14

ஐந்தரை. ஸ்டியரிங்கைக் குத்துகிறான். பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ பழுது பார்ப்பதுபோல் நின்றேன். முதுகு குளிரில் விறைத்துவிட்டது, மனசு மட்டும் வெதுவெதுவென்று இருக்கிறது. இது பாவமா? ஞாயிறு பாதிரியாரிடம் சொல்லலாம். சொன்னால் விடச் சொல்வார். சொல்லப்போவதில்லை.

ஜனவரி 9

பக்கத்து வீட்டு லுர்தெஸ் அக்கா கேசினோவில் அறை சுத்தம் செய்பவள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா தம்பி, அந்தப் பாழாப்போன விளக்கு என்ன நோய் வந்து நிக்குது? எங்க பஸ்ஸு மூணு நாளா லேட்டு. சூப்பர்வைசர் கடிதம் கொடுத்துட்டான்!"

"பாக்குறேன்க்கா. புது மெஷினு, கொஞ்சம் மக்கர்."

"மெஷினு மக்கரா, அதைப் பாக்குறவன் மக்கரா?"

சுருக்கென்றது. ஆடப் போகிறவன் யார், கக்கூஸ் கழுவப் போகிறவள் யார் என்று சிவப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் பஸ்ஸைப் பிடித்து வைத்தேன்.

இனி பஸ் தாண்டிய பிறகுதான். விட்டுவிடப் போவதில்லை. இலக்கைத் திருத்திக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 30

இன்று கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டான். "தலைவரே! இந்தக் குளிர்ல தினமும் நின்னு சரி பண்றீங்களே, பெரிய மனசு." ஹெல்மெட்டும் ஆரஞ்சுச் சட்டையும், அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கேசினோவின் இலவச விருந்துச் சீட்டு ஒன்றை நீட்டினான். "வீட்டுல யாரு யாரு? ஒருநாள் கூட்டிட்டு வாங்க. நம்ம குடும்பம் மாதிரி பாத்துக்குவேன்."

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். மறுபடி அவனுக்கு "நன்றி" சொன்னேன்! என் வாய் எனக்கே எதிரி.

பிறகு ஏழு நிமிடம்.

பிப்ரவரி 20

மாநிலத்திலிருந்து ஆள் வந்து சாலைக்குக் குறுக்கே கறுப்புக் குழாய் போட்டு ஒரு வாரமாக வண்டி எண்ணுகிறார்கள். அடுத்த நிதிக்கான கணக்கெடுப்பு. நான் காலை வேலையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றவே இல்லை, அவ்வளவு மூளை.

மார்ச் 13

நாளை முடிகிறது. சாப்பாட்டு மேசையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மரீஸா சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். ஒதிலியா சமையலறையில் என்னிடம் கிசுகிசுத்தாள்: "கேளுங்களேன்." "நீ கேளேன்." "நீங்கதான அப்பா." இரண்டு பேரும் கேட்கவில்லை. அந்த அட்டை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

மார்ச் 14

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

8.43. பாலத்துப் பாதையில் முதலில் வந்து நின்றது மரீஸாவின் நீலக் கார். அதன் பின்னாலேயே வெள்ளைக் கார். பட்டன் என் கையில்.

பிடித்து வைத்தேன். ஒரு நிமிடம். இரண்டு. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, விடுங்க."

"எங்க போற?"

"அக்கரைக்கு."

"எதுக்கு?"

"சொன்னா நம்புவீங்களா?"

போன வருஷம் இனி ஆடமாட்டேன் என்று நூறு தடவை சொன்னாள், நூறு தடவை நம்பினேன். நம்பினதுதான் தப்பா, நம்பாமல் இருந்திருந்தால் மட்டும் என்ன?

"நம்பலைன்னா பிடிச்சு வைங்கப்பா. ஆனா நாளைக்கும் இந்த ரோடு இங்கதான் இருக்கும். எத்தனை நாள் இங்க நிப்பீங்க?"

பின்னால் ஹாரன். அவன்தான். அமுக்கினேன். பச்சை. அவள் போனாள்.

அவள் கார் கோட்டைத் தாண்டியதும் மறுபடி அமுக்கினேன். மஞ்சள். சிவப்பு. வெள்ளைக் கார் கிறீச்சென்று கோட்டில் நின்றது.

அந்தக் கட்டடத்துக் கதவைத் தாண்டினால் இடப்பக்கம் கையெழுத்து மேசை, வலப்பக்கம் சூதாட்ட மெஷின்கள். எந்தப் பக்கம் திரும்புவாளோ, அது அவள் பாடு. ஆனால் திரும்பும்போது அந்தப் பல்வரிசை அங்கே நின்று சிரிக்கக் கூடாது. பதினொரு நிமிடம் பிடித்தேன். கத்தினான், இறங்கி வந்தான், "யோவ், உனக்கு என்னய்யா பைத்தியமா?" என்றான். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தெரிந்தது அவனுக்கு.

"ரபனாடா நல்லா இருந்துச்சா தம்பி?" என்றேன்.

திரும்பிப் போய் காரில் உட்கார்ந்தான். இந்த ஜன்மத்துக்கு அது போதும்.

சாயங்காலம் மரீஸா வந்தாள். இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மார்ச் 19

பெக் கூப்பிட்டாள். வேலை போகிறது என்று பெட்டிச் சாவியைக் கையிலேயே எடுத்துப் போனேன்.

"கணக்கெடுப்பு வந்திருக்கு. நாள் முழுக்க எல்லாம் சரி. காலை எட்டே முக்காலுக்கு மட்டும் நம்ம முனை இந்த மாநிலத்துலயே மோசமாம். ஏன்னு நான் கேக்கப்போறதில்ல." சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "இதோட நின்னுச்சுன்னு வச்சுக்குறேன். இப்ப சொல்லு, இந்த எண்ணிக்கையைக் காட்டி என்ன கேக்கலாம்? பாலத்துல போற வண்டி குறையணும், அதான் அவங்க நிபந்தனை."

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. "மேசை" என்றேன். "கையெழுத்துப் போட அக்கரைக்குப் போறவங்க வண்டி குறையுமே."

பெக் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 2

கொடுத்துவிட்டார்கள். தலைப்பு: "போக்குவரத்து நெரிசல் குறைப்பு".

அக்டோபர் 15

நகராட்சிக் கட்டடத்தின் பின்னறையில், என் கருவி அறைக்கு அடுத்த கதவில் மேசை வந்துவிட்டது. நானே விளக்குப் போட்டேன். மேசை வந்த இந்த இரண்டு வாரத்தில் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்களாம். பத்தொன்பது நாற்காலி காலி. ஒவ்வொருத்தர் வரும்போதும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பல்வரிசையில் ஒரு பல் குறைக்கிறேன். பாதிரியாரிடம் இதையும் சொல்லப்போவதில்லை.

நவம்பர் 6

மரீஸாவுக்கு இருபத்தேழு. இந்த முறை மெழுகுவர்த்தி வாங்கினேன். ஒரு பாக்கெட் அதிகமாகவே.

மதியத்துக்கு மேல் வாசலிலேயே நின்றேன். தபால்காரர் வந்தார். கரண்டு பில். மரக்கடை விளம்பரம்.

கையால் எழுதிய அட்டை எதுவும் இல்லை. தபால் பெட்டிக்குள் கையை விட்டு இன்னொரு தரம் துழாவிப் பார்த்தேன்.