அவர் பக்கத்துச் சக்கரம்

9-9-1954, வியாழன்

எழுதாவிட்டால் தூக்கம் வராது. நேற்று மார்த்தாண்டத்திலிருந்து வரும்போது காரின் பின் டயர் வெடித்தது. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பக்கம். பிள்ளை அலறியது இன்னும் காதில் கேட்கிறது.

இன்று என் வீட்டுக்காரர் புது டயர் ஒன்று வாங்கி வந்தார். "மத்ததும் தேஞ்சு மொட்டையாயிட்டு மொதலாளி. பின்னால ரெண்டையாவது மாத்தணும்" என்றான் டிரைவர் தங்கையன்.

"கெட்டது ஒண்ணுதானடே? ஒண்ணு போதும்."

அதோடு விட்டிருந்தால் கஞ்சத்தனம் என்று நானும் பேசாமல் இருந்திருப்பேன். அடுத்துச் சொன்னதுதான் தாங்கவில்லை.

"புதுச எனக்க பக்கம் போடு. அங்க கெடக்கதக் கழத்தி அவ பக்கம் மாட்டு."

தங்கையன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் அப்படி என்று ராத்திரி கேட்டேன். "நான் தடியனில்லா? பாரம் எனக்க பக்கந்தானே" என்று சிரிக்கிறார். சிரிக்கிறார்!

நாளை அஞ்சுகிராமத்தில் கல்யாணம். வேட்டி கசங்கிவிடும் என்று அவர் கடைசியில்தான் வந்து ஏறுவார். அதற்கு முன்பே நான் பிள்ளையோடு போய் அவர் இடத்தில் உட்காரப் போகிறேன். எழும்பச் சொல்லட்டும். தங்கையன் முன்னால் வாய் திறந்து சொல்லட்டும், பார்க்கிறேன்.