மாப்பிள்ளையின் முழங்கால்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையின் முழங்காலில் சீழ் பிடித்திருக்கிறது. நார் அறுந்துபோனதால் எலும்பை வெட்டித் திருப்பித் தகடு வைத்தார்கள் அல்லவா, அந்தத் தகட்டைச் சுற்றித்தான். தையல் பிரித்த பிறகு நன்றாகவே நடந்தான். போன வாரம் காலை மறுபடி தூக்கிக்கொண்டான். பார்த்தால் தையல் போட்ட இடத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து கசிவு.

புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பை நான் கழற்றவே இல்லை. அதோடு கதவிலும் நாற்காலியிலும் மோதிவிட்டு, நான்தான் குறுக்கே வந்ததுபோல முறைப்பான். நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது நீங்கள்; முறைப்பு வாங்குவது நான்.

ஆபரேஷன் சொன்னதைவிட நீண்டுவிட்டது. செய்தவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். உள்ளே என்ன நடந்ததோ, எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நாத்தனார்
(இன்னும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்றால்)


ஜூன் 9

அன்புள்ள புத்தகப்பூச்சிக்கு,

தாராளமாகப் போட்டுக்கொள். விவாகரத்து வாங்கியது உன் அண்ணனும் நானும். உனக்கு யார் கொடுத்தார்கள்?

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வாடகை வீட்டில் நாய் கூடாது என்று சொன்னதால்தானே அவனை உன்னிடம் விட்டேன். அப்புறம் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்கு உட்கார்ந்து எழுதிவிட்டேன். 'கத்துக்குட்டி கையில் கத்தியைக் கொடுத்தது யார்?' என்று ஒரு வரி. நன்றாக இருக்கிறது, இல்லையா? நீ மட்டும்தான் எழுதுவாயா?

நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. பெற்றவள்கூட அவனை உன்னைப்போலப் பார்த்திருக்கமாட்டாள்.

அன்புடன்
அண்ணி


ஜூன் 20

அன்புள்ள புத்தகப்பூச்சிக்கு,

ஏன் பதில் இல்லை? அவனுக்கு அதிகமாகிவிட்டதா?

பெரிய டாக்டர் எழுதியிருக்கிறார். விசாரணை முடியும்வரை அந்தப் பெண் ஆபரேஷன் செய்யக்கூடாதாம். கூடவே அவள் எழுதிய ஒரு பக்கமும் வந்திருக்கிறது. சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளோ தன்னையே தோண்டிக்கொண்டிருக்கிறாள். நாய்க்கு எடை அதிகம், அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆபரேஷன் நீண்டுவிட்டது, அது தன் தவறாக இருக்கலாம். உடம்பில் வேறெங்காவது தோல்புண் இருந்தாலும் கிருமி போய்த் தகட்டில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டாம். அதற்காகவே ஆபரேஷனுக்கு முன்பு கேட்டதாகவும், இல்லை என்று பதில் வந்ததாகவும் எழுதியிருக்கிறாள்.

சொன்னது நீதானே. இல்லைதானே? ஒரு வரி எழுது, அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.

அண்ணி


ஜூன் 24

அண்ணி,

இருந்தது.

முன்னங்கால் இடுக்கில், சிவந்துபோய், சீழ்க்கொப்புளங்கள். அவனைக் குளிப்பாட்டிவிட்டுச் சரியாகத் துவட்டாமல் ஏதாவது ஒரு நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஈரம் அங்கேயே தங்கிவிட்டது. பவுடர் போட்டு மறைத்தேன்.

ஆபரேஷன் அன்று டாக்டர் மேசையருகே வந்து, "தோல்ல புண்ணு, கொப்புளம்னு ஏதாவது இருக்காம்மா? இருந்தா அதை ஆத்திட்டுப் பண்ணிக்கலாம்" என்று கேட்டார். நீங்கள் போன் ஸ்பீக்கரில் இருந்தீர்கள். "அவ கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறா டாக்டர், எனக்கே பொறாமையா இருக்கு" என்றீர்கள். அதைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒண்ணுமில்ல" என்றேன். சொறிந்துகொள்ள அவன் காலைத் தூக்கப்போனான். நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தடவிக்கொடுக்கிறேன் என்று டாக்டர் நினைத்தார்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோதே எழுதியிருக்கவேண்டும். எழுதாமல், 'பெற்றவள்கூட' என்ற அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பொய் என்று தெரிந்தும் அது இனித்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் ஒரு பூனைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, பார்லர் வேலைக்கு வந்துட்டேன்" என்று சிரித்தார். நான் சொன்னேன். நகவெட்டியைக் கீழே வைத்தார். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எடை இருக்கு, நேரமும் ஆச்சு. ஆனா சொல்லியிருந்தா நான் தள்ளிப்போட்டிருப்பேன்" என்றார். பூனைக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டாக்டர் மெதுவாக, "இத்தனை நாளா என் கைய நானே சந்தேகப்பட்டுட்டு இருந்தேங்க" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய டாக்டரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். எலும்பு கூடும்வரை கிருமிக்கு மருந்து. கூடியதும் தகட்டை எடுத்துவிடலாம், நடப்பான் என்கிறார்கள். அவன் இனி என்னிடம் இருக்கலாமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நான்


ஜூலை 1

புத்தகப்பூச்சிக்கு,

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீ எண்ணெய் ஊற்றினாய், சரி, கொளுத்திப்போட்டது நான். கத்துக்குட்டி என்று எழுதியது என் கைதான். இந்த வாரத்திலிருந்து அவளை மறுபடி ஆபரேஷனுக்கு அனுமதித்திருக்கிறார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் நானும் "ஒண்ணுமில்ல" என்று சொன்னதாகிவிடும்.

நாய் வைத்துக்கொள்ளும்படி ஒரு வீடு பிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துப்போக வருகிறேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் என்று நீ இந்நேரம் யோசித்திருப்பாய். போகாதே. புண்காலோடு அவனைத் தனியாளாக வண்டியில் ஏற்ற முடியாது. தலைப்பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். கால்பக்கம் நீ பிடி.

அண்ணி